திறக்க முடிந்த எஞ்சினையே வாங்குங்கள்



நீளமான பதிவு இது. அலுவலகத்தில் இருப்பவர்கள் சேமித்து வைத்து ராத்திரி சாப்பிட்ட பிறகு படியுங்கள்.

போன வாரம் டாலஸில் இருக்கும் என் அண்ணன் மகன் குடும்பக் குழுவில் இரண்டு படங்களைப் போட்டு, "அத்தை, பையனுக்குப் பத்து வயசு முடியப்போகுது, ரயில் கேக்குறான். இதுல எதை வாங்கட்டும்?" என்று கேட்டிருந்தான். முதல் படத்தில் கைபேசிச் செயலியால் ஓடும் ரயில் செட். பெட்டியைப் பிரித்து ஐந்து நிமிடத்தில் ஓட்டிவிடலாம். இரண்டாவது படத்தில் எச்.ஓ. அளவில் ஒரு டீசல் எஞ்சின். எச்.ஓ. என்றால் நிஜ ரயிலில் 87-ல் ஒரு பங்கு; இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே 16.5 மில்லிமீட்டர் இடைவெளி. இந்த எஞ்சினுக்குள் கட்டுப்பாட்டு எலக்ட்ரானிக்ஸ் எதுவும் கிடையாது. எட்டுத் துளை உள்ள ஒரு சாக்கெட் மட்டும் இருக்கும். டிகோடர் என்கிற சின்னப் பலகையைத் தனியாக வாங்கி நாமே உள்ளே பொருத்த வேண்டும்.

குழுவில் பதில் போட்ட அத்தனை பேரும் முதல் படத்துக்கே கட்டைவிரல் காட்டினார்கள். நான் ஒருத்திதான் இரண்டாவது என்றேன். "டீச்சர் எப்பவும் கஷ்டமான கணக்கைத்தானே குடுப்பாங்க" என்று ஒருவர் கேலி செய்தார். என்னிடம் படித்த மூன்று பேர் இதே கேள்வியை வெவ்வேறு சமயங்களில் கேட்டிருக்கிறார்கள். அதனால் இங்கேயே விரிவாக எழுதிவிடுகிறேன். ஒஹையோவில் மகள் வீட்டுக்கு வந்துபோகத் தொடங்கிய இந்த ஆறு வருடங்களில், கீழ்த்தளத்து மேஜையில் உட்கார்ந்து பதினாலு எஞ்சின்களுக்கு டிகோடர் பொருத்தியிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: திறக்க முடிந்த எஞ்சினை வாங்குங்கள். பலகையை நீங்களும் பிள்ளையும் சேர்ந்து பொருத்துங்கள். செயலி இல்லாவிட்டால் நகராத ரயில் வேண்டவே வேண்டாம்.

முதலில், இந்தப் பலகை எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். பழைய பொம்மை ரயிலில் கட்டுப்பாடு எஞ்சினுக்கு வெளியே இருந்தது. மேஜையோரத்தில் ஒரு பெட்டி, அதில் ஒரு குமிழ். குமிழைத் திருகினால் தண்டவாளத்துக்குப் போகும் மின்னழுத்தம் 0-விலிருந்து 12 வோல்ட் வரை ஏறும். சக்கரங்கள் வழியாக அது நேரே மோட்டாருக்குப் போகும். நேர்முனை, எதிர்முனையை மாற்றினால் வண்டி பின்னால் ஓடும். எளிமையான ஏற்பாடுதான். ஆனால் அதே தண்டவாளத்தில் இரண்டாவது எஞ்சினை வைத்தால் இரண்டும் சேர்ந்தே ஓடும், சேர்ந்தே நிற்கும். இதைத் தவிர்க்கத் தண்டவாளத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, பகுதிக்கு ஒரு சுவிட்ச் வைத்து, ரயில் நகர நகர ஒருவர் சுவிட்சுகளைத் தட்டிக்கொண்டே இருப்பார். வண்டி மெதுவாகப் போனால் முகப்பு விளக்கும் மங்கிவிடும், ஏனென்றால் மோட்டாருக்கும் விளக்குக்கும் ஒரே மின்னழுத்தம்.

இப்போது தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குப் போகும் மின்சார ரயிலை நினைத்துப் பாருங்கள். மேலே கம்பியில் 25,000 வோல்ட் இருக்கிறது. வண்டி நின்றாலும் இருக்கும், ஓடினாலும் இருக்கும். அதில் எவ்வளவை எடுத்து மோட்டாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிப்பவர் வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிற ஓட்டுநர். டிகோடர் என்பது பொம்மை எஞ்சினுக்குள் நாம் உட்கார வைக்கும் ஓட்டுநர். அவ்வளவுதான் விஷயம்.

அந்த ஓட்டுநருக்கு நாம் எப்படிச் செய்தி சொல்வது? டி.சி.சி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் டிஜிட்டல் கமாண்ட் கன்ட்ரோல் முறையில், தண்டவாளத்தில் எந்நேரமும் சுமார் 14 வோல்ட் இருக்கும். ஆனால் அது விநாடிக்குப் பல ஆயிரம் முறை திசை மாறிக்கொண்டே இருக்கும். மாறும் ஒவ்வொரு பாதியும் 58 மைக்ரோ விநாடி நீடித்தால் அது 1. 100 மைக்ரோ விநாடியோ அதற்கு மேலோ நீடித்தால் அது 0. மின்சாரம், செய்தி இரண்டும் அதே இரண்டு கம்பிகளில் போகின்றன. செய்தியில் முதலில் எஞ்சினின் முகவரி எண், பிறகு கட்டளை, கடைசியில் சரிபார்ப்பு எண்.

வகுப்பில் வருகைப் பதிவு எடுப்பது போலத்தான். நான் "மூன்று" என்று கூப்பிட்டால் நாற்பது பேர் காதிலும் விழும்; எழுந்திருப்பவன் ஒருவன்தான். புது டிகோடர் எது வாங்கினாலும் அதன் தொடக்க எண் 3. ஆகவே இரண்டு புது எஞ்சின்களை ஒரே நேரத்தில் வைத்தால் இரண்டும் "உள்ளேன் டீச்சர்" என்று எழுந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொடுப்பதுதான் நமக்கு முதல் வேலை. சரிபார்ப்பு எண்ணைக் கணினி படித்தவர்கள் கவனியுங்கள். முகவரியையும் கட்டளையையும் பிட் பிட்டாக ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றானால் 0, வேறானால் 1 என்று எழுதுகிறார்கள். தண்டவாளத்துத் தூசியால் ஒரு பிட் கெட்டுப்போனால் கணக்கு இடிக்கும். டிகோடர் அந்தச் செய்தியை ஒதுக்கிவிட்டு அடுத்ததற்குக் காத்திருக்கும். கட்டளைகள் திரும்பத் திரும்ப அனுப்பப்படுவதால் நம் கண்ணுக்கு எந்தத் தடங்கலும் தெரியாது.

ஒரே தண்டவாளத்தில் பல எஞ்சின்களைத் தனித்தனியாக ஓட்டும் ஆசை ரொம்பப் பழையது. 1960களிலேயே அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் ஐந்து எஞ்சின்களை ஓட்டும் ஓர் அமைப்பை விற்றது. 1979-ல் இங்கிலாந்தின் ஹார்ன்பி 16 எஞ்சின்களை ஓட்டும் 'ஜீரோ 1' என்ற அமைப்பைக் கொண்டுவந்தது. இரண்டும் கெட்டிக்காரத்தனமான வேலைகள்தான். ஆனால் ஒருவருடைய பலகைக்கு இன்னொருவருடைய பெட்டியின் பாஷை புரியாது. விற்பவர் கடையை மூடினால் வாங்கியவர் கையில் இருப்பது வெறும் பிளாஸ்டிக்.

1980களின் இறுதியில் ஜெர்மனியில் பெர்ன்ட் லென்ஸ் என்பவரின் நிறுவனம் உருவாக்கிய முறையை அடிப்படையாக வைத்து, அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் 1990களில் ஒரு பொதுத் தரத்தை வெளியிட்டது. (பத்தாம் வகுப்பில் உங்களைப் படுத்தி எடுத்த லென்ஸ் விதிக்குச் சொந்தக்காரர் வேறு, அவர் 19-ஆம் நூற்றாண்டில் ரஷ்யாவில் வாழ்ந்தவர். ஆனால் அந்த விதியும் கொஞ்ச நேரத்தில் வரப்போகிறது.) 58 மைக்ரோ விநாடி, முகவரி, கட்டளை, கம்பிகளின் நிறம் வரை எல்லாம் எழுதி வைக்கப்பட்டு, யார் வேண்டுமானாலும் படித்துத் தயாரிக்கலாம் என்று ஆயிற்று. அன்றைக்குச் செய்த டிகோடர் இன்றைக்கு வாங்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியோடு பேசும். ஒரு நாட்டுக் கம்பெனியின் எஞ்சின், இன்னொரு நாட்டுப் பலகை, மூன்றாவது நாட்டுப் பெட்டி, மூன்றும் சேர்ந்து ஓடும். முப்பது வருடம் மாறாமல் நிற்கும் எலக்ட்ரானிக் பொருள் உங்கள் வீட்டில் வேறு எது இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். என் கணக்கில் டி.சி.சி.யின் பெருமை சிலிக்கானில் இல்லை. போட்டிக்காரர்கள் உட்கார்ந்து ஒரு பாஷைக்குச் சம்மதித்தார்களே, அதில் இருக்கிறது.

இனிச் செயலி ரயிலுக்கு வருகிறேன். மாப்பிள்ளையின் அண்ணன் வீட்டில் நான்கு வருடம் முன்பு அப்படி ஒன்று வாங்கினார்கள். கம்பெனிப் பெயர் வேண்டாம். தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுக்கிற, எச்.ஓ. அளவிலேயே உள்ள நல்ல எஞ்சின். கட்டளை மட்டும் புளூடூத்தில் கைபேசியிலிருந்து போகும். இரண்டு கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஓடியது. அப்புறம் வீட்டில் கைபேசியை மாற்றினார்கள். புதுக் கைபேசியில் அந்தச் செயலியைத் தேடினால் கிடைக்கவில்லை, கடையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். கம்பெனிக்கு எழுதினால், அந்த மாதிரிக்கு இப்போது ஆதரவு இல்லை என்று மரியாதையாக ஒரு பதில். மோட்டார் நன்றாக இருக்கிறது. பல்சக்கரங்கள் நன்றாக இருக்கின்றன. விளக்கு எரிகிறது. ஆனால் வண்டி நகராது. காசு கொடுத்து வாங்கிய பொருளை ஓட்டுவதற்கான அனுமதி எங்கோ ஒரு சர்வரில் இருந்திருக்கிறது, அதை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்த வீட்டுப் பையன், "ரயில் செத்துப்போச்சு பாட்டி" என்றான். சாகவில்லையே, அதுதான் எனக்குக் கோபம்.

அந்த எஞ்சினைத்தான் என் பேத்தியும் நானுமாகத் திறந்தோம். அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. செய்த வேலையை வரிசையாகச் சொல்கிறேன். நிறையப் பேர் இதை ராக்கெட் விஞ்ஞானி செய்கிற வேலை என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

உடலை அடிச்சட்டத்திலிருந்து கழற்றினால் உள்ளே இருப்பவை நான்கே விஷயங்கள்: சக்கரத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் இரண்டு கம்பிகள், மோட்டாருக்குப் போகும் இரண்டு கம்பிகள், விளக்குகள், நடுவில் அந்தப் பலகை. எந்தக் கம்பி எங்கே போகிறது என்று பேத்தி நோட்டில் படம் வரைந்தாள். படம் வரையாமல் கத்தரி எடுக்கக் கூடாது என்பது என் மேஜையின் சட்டம். பிறகு பலகையை எடுத்துவிட்டு, மோட்டாரின் இரண்டு முனைகளுக்கும் நேரே 12 வோல்ட் கொடுத்து ஓட்டிப் பார்த்தோம். மோட்டாரே மக்கர் செய்தால் எந்த டிகோடரும் அதைக் காப்பாற்றாது. எண்ணெய் காய்ந்த எஞ்சினுக்கும் முடி சுற்றிய சக்கரத்துக்கும் மருந்து எலக்ட்ரானிக்ஸ் கிடையாது.

அடுத்து, எனக்கு மிகப் பிடித்த கட்டம். மல்டிமீட்டரை ஆம்பியரில் வைத்து மோட்டாரோடு தொடராக இணைத்தோம். ஓடும்போது 0.2 ஆம்பியர். "இப்ப மோட்டார் அச்சை விரலால பிடிச்சு நிறுத்து" என்றேன். நிறுத்தினாள். 0.8 ஆம்பியருக்கு ஏறியது. "சுத்தும்போதுதானே நிறைய கரண்ட் எடுக்கணும் பாட்டி? நிக்கும்போது ஏன் நாலு மடங்கு எடுக்குது?"

இந்தக் கேள்வியை என் முப்பத்து மூன்று வருட வகுப்புகளில் ஒரு பிள்ளைகூடக் கேட்டதில்லை. கேட்டிருக்க வழியும் இல்லை. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் இருந்த ஒரே மோட்டார் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டிக் கிடந்தது. சாவி தலைமையாசிரியர் அறையில். பிள்ளைகள் மோட்டார் படத்தை ஐந்து மதிப்பெண்ணுக்கு அழகாக வரைந்து, நிழல்கூடக் கொடுத்திருப்பார்கள். சுற்றும் மோட்டார் அதே நேரத்தில் ஜெனரேட்டராகவும் வேலை செய்கிறது. காந்தப்புலத்தில் சுற்றும் சுருளில் ஒரு மின்னியக்கு விசை தோன்றி, தன்னை உண்டாக்கிய மின்னோட்டத்தையே எதிர்க்கிறது. லென்ஸ் விதி வரும் என்றேனே, இதோ வந்துவிட்டது. ஓடும்போது அந்த எதிர் மின்னியக்கு விசை மின்னோட்டத்தை அடக்கி வைக்கிறது. அச்சைப் பிடித்து நிறுத்தினால் எதிர்ப்பு போய்விடுகிறது. மிஞ்சுவது சுருளின் மின்தடை மட்டும். 12 வோல்ட்டை 15 ஓமால் வகுத்தால் 0.8. ஓம் விதி. பேத்தி சுருளின் மின்தடையைத் தனியாக அளந்து பார்த்துவிட்டு, "பதினஞ்சுதான் வருது" என்றாள். (ஓரிரு விநாடிக்கு மேல் பிடித்து நிறுத்தாதீர்கள், சுருள் சூடாகிக் கருகும்.)

இந்த 0.8 தெரிந்தால்தான் டிகோடர் வாங்க முடியும். சக்கரம் எங்காவது மாட்டி மோட்டார் நின்றுவிட்டால் அந்த மின்னோட்டம் முழுவதும் டிகோடர் வழியாகத்தான் போகும். 1 ஆம்பியர் தாங்கும் பலகை இதற்குப் போதும். பழைய, கனமான எஞ்சின்கள் ஒன்றரை, இரண்டு ஆம்பியர்கூடக் கேட்கும். அவற்றுக்கு மலிவான சின்னப் பலகையைப் போட்டால் முதல் நாளே கருகிய வாசனை வரும்.

கம்பிகளின் நிறங்கள் தரத்தில் இருக்கின்றன என்றேன் அல்லவா? சிவப்பும் கறுப்பும் தண்டவாளத்துக்கு. ஆரஞ்சும் சாம்பல் நிறமும் மோட்டாருக்கு. வெள்ளை முன் விளக்கு, மஞ்சள் பின் விளக்கு, நீலம் எல்லா விளக்குகளுக்கும் பொதுவான நேர்முனை. எந்தக் கம்பெனிப் பலகையை வாங்கினாலும் இதேதான். ஒரே ஒரு எச்சரிக்கையை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள்: மோட்டாரின் இரண்டு முனைகளும் தண்டவாளத்தையோ உலோக அடிச்சட்டத்தையோ தொடக் கூடாது. பழைய எஞ்சின்கள் பலவற்றில் மோட்டாரின் ஒரு பிரஷ் அடிச்சட்டத்தைத் தொட்டபடியே இருக்கும். அந்தக் காலத்தில் அது கம்பியை மிச்சம் பிடிக்கும் வழி. அப்படியே டிகோடரை இணைத்தால் தண்டவாளத்து மின்சாரம் பின்வாசல் வழியாக டிகோடருக்குள் புகுந்து அதைக் கொன்றுவிடும். மோட்டாருக்கு அடியில் காப்பு நாடா ஒட்டி, மல்டிமீட்டரால் மோட்டார் முனைக்கும் ஒவ்வொரு சக்கரத்துக்கும் நடுவே சோதித்து, எங்கும் தொடர்பில்லை என்று உறுதியான பிறகே சால்டரிங் அயர்னைச் சூடேற்ற வேண்டும்.

விளக்குக்கு ஒரு கணக்கு. பேத்தி போட்டது. 14 வோல்ட்டில் வெள்ளை எல்.இ.டி. சுமார் 3 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மீதி 11 வோல்ட் மின்தடையில் இறங்க வேண்டும். 1,000 ஓம் போட்டால் 11 மில்லி ஆம்பியர், எல்.இ.டி.க்குத் தாராளம். மின்தடையில் செலவாகும் திறன் 11 பெருக்கல் 0.011, அதாவது 0.121 வாட், கால் வாட் மின்தடை போதும். தேர்வில் இதையே கேட்டால் முகத்தைச் சுளிப்பார்கள். தன் எஞ்சினின் விளக்கு எரிய வேண்டும் என்றால் யாரும் சொல்லாமலே போடுகிறார்கள்.

எல்லாம் இணைத்த பிறகு நேராகப் பெரிய தண்டவாளத்தில் வைத்துவிடக் கூடாது. இதற்கென்றே ஒரு தனித் துண்டுத் தண்டவாளம் உண்டு. அதில் மின்னோட்டத்தை ரொம்பக் குறைத்து வைத்திருப்பார்கள். எங்காவது தவறாகத் தொட்டிருந்தாலும் பலகை பிழைத்துக்கொள்ளும். முகவரி எண்ணை மாற்றுவதும் இங்கேதான். பெட்டி கேள்வி கேட்கும், டிகோடர் பதில் சொல்ல வேண்டும். ஆனால் அடிப்படை டிகோடருக்குப் பேச வாய் கிடையாது, கேட்கக் காது மட்டும்தான். அதனால் என்ன செய்கிறது தெரியுமா? கேள்விக்கு "ஆமாம்" என்றால் மோட்டாரை ஒரு கணம் உசுப்பி, 6 மில்லி விநாடிக்குக் குறைந்தது 60 மில்லி ஆம்பியர் கூடுதலாக இழுக்கும். அந்த இழுப்பைப் பெட்டி கவனித்துக்கொள்ளும். பேச முடியாதவர் தலையாட்டுவது போல. எஞ்சின் அந்தச் சமயத்தில் லேசாகத் துள்ளுவதைப் பார்க்கலாம். அன்று அது துள்ளியபோது பேத்தி போட்ட சத்தத்தில் மேலே சமையலறையில் இருந்த என் மகள் ஓடி வந்துவிட்டாள்.

'செத்துப்போன' அந்த எஞ்சின் இப்போது 27-ஆம் எண்ணில் ஓடுகிறது. முன்னைவிட மெதுவாகவும் ஓடும். நல்ல டிகோடர்கள் மோட்டாருக்குக் கொடுக்கும் மின்துடிப்புகளைக் கண நேரம் நிறுத்தி, அந்த இடைவெளியில் எதிர் மின்னியக்கு விசையை அளக்கின்றன. விசை குறைந்தால் வேகம் குறைந்துவிட்டது என்று பொருள். உடனே துடிப்பைக் கூட்டும். ஏற்றத்தில் திணறாமலும் இறக்கத்தில் பாயாமலும் வண்டி போவது இதனால்தான். மோட்டார் ஜெனரேட்டராக இருப்பதை ஒரு கட்டை விரல் நகம் அளவுப் பலகை விடாமல் பயன்படுத்திக்கொண்டிருக்கிறது.

"இதெல்லாம் பொழுதுபோக்கு. படிப்புக்கு என்ன பிரயோஜனம்?" என்று கேட்கும் சித்தப்பாக்கள் நம் குடும்பத்தில் உண்டு. அவர்களுக்கு இரண்டு செய்திகள். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1946-ல் மாணவர்கள் ஒரு மாதிரி ரயில் சங்கம் தொடங்கினார்கள். அதில் ஒரு குழு ரயிலை அலங்கரிக்கும்; இன்னொரு குழு மேஜைக்கு அடியில் பழைய தொலைபேசி ரிலேக்களை வைத்துக் கட்டுப்பாட்டுச் சுற்றுகளைக் கட்டும். அந்த இரண்டாவது குழுவிலிருந்து வந்தவர்கள்தான் பிறகு கணினி நிரலாக்கத்தின் முன்னோடிகளில் சிலரானார்கள். 'ஹேக்கர்' என்ற சொல் கணினி உலகத்துக்கு வந்த பாதையும் அந்த மேஜைக்கடியில்தான் தொடங்குகிறது. ஸ்டீவன் லெவி 1984-ல் எழுதிய புத்தகம் அவர்களிடமிருந்துதான் ஆரம்பிக்கும்.

இரண்டாவது செய்தி மென்பொருள் வேலையில் இருக்கும் என் மாணவர்களுக்கு. டிகோடர்களைக் கணினி வழியாக அமைக்க ஜே.எம்.ஆர்.ஐ. என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. நானும் அதைத்தான் பயன்படுத்துகிறேன். அதைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் பெர்க்லியில் இருக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர் ராபர்ட் ஜேக்கப்சன். அவர் குழுவின் கோப்புகளை ஒரு வணிக நிறுவனம் பெயர்கூடக் குறிப்பிடாமல் எடுத்துப் பயன்படுத்தியது என்று வழக்கு நடந்தது. இலவசமாகக் கொடுத்தாலும், அதோடு சேர்த்து விதித்த நிபந்தனைகளைப் பதிப்புரிமைச் சட்டத்தின் மூலம் நிலைநாட்ட முடியும் என்று 2008-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. இன்று நீங்கள் அலுவலகத்தில் தினமும் தொடும் திறந்த மூல மென்பொருள்களின் உரிமங்களுக்குப் பலம் கொடுத்த தீர்ப்பு அது. டிகோடர் அமைக்கும் கோப்புகளிலிருந்து பிறந்தது.

எதிர்க் கேள்விகளும் நியாயமானவைதான்.

தொழிற்சாலையிலேயே டி.சி.சி. பொருத்திய எஞ்சின் கிடைக்கிறதே, அதை வாங்கினால் என்ன? வாங்கலாம். நேரம் இல்லாதவர்கள், கை நடுங்குகிற என் வயதுக்காரர்கள் தாராளமாக வாங்கலாம். அது பொதுப் பாஷை பேசுகிறது, அதுவே பாதிக் கவலையைத் தீர்த்துவிடும். உள்ளே பலகை சாக்கெட்டில் செருகியிருக்கிறதா, கழற்ற முடியுமா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

மின்கலத்தை எஞ்சினுக்குள்ளேயே வைத்து ரேடியோவில் ஓட்டும் முறை இருக்கிறதே? தோட்டத்தில் ஓடும் பெரிய அளவு ரயில்களுக்கு அது நல்ல வழி. மழை, மண், இலை எல்லாம் விழுந்த தண்டவாளத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கை வலிப்பதைவிட மின்கலம் மேல். வீட்டுக்குள் எச்.ஓ. அளவில், லித்தியம் மின்கலத்துக்கு இடம் தேடி, அதன் சார்ஜைக் காவல் காத்துக்கொண்டிருப்பதில் எனக்கு விருப்பமில்லை. ரேடியோ பக்கத்தில் ஆளுக்கொரு பாஷை என்ற நிலையும் இன்னும் முழுதாகத் தீரவில்லை.

சின்னப் பிள்ளைகளுக்குச் சால்டரிங் ஆபத்தில்லையா? ஆபத்துதான். ஐந்து வயதுப் பிள்ளைக்கு மரத்தில் செய்த ரயில் வாங்கிக் கொடுங்கள், எலக்ட்ரானிக்ஸ் எதுவும் வேண்டாம். அந்த வயதில் ரயிலுக்குச் சத்தம் அவன் வாயிலிருந்துதான் வர வேண்டும். பத்து வயதில் சாக்கெட்டில் செருகும் வேலை. ஏற்கெனவே செருகியிருக்கும் வெற்றுப் பிளக்கை எடுத்துவிட்டு, 1 என்ற குறியைப் பார்த்து டிகோடரைச் செருகினால் முடிந்தது; சூடே கிடையாது. பன்னிரண்டு, பதின்மூன்றில் பெரியவர் பக்கத்தில் இருக்க, ஈயமில்லாத சால்டர், கண்ணுக்குக் கண்ணாடி, ஜன்னல் திறந்து வைத்து. முடிந்ததும் கை கழுவ வேண்டும். இதே பிள்ளைகளை நாம் தோசைக்கல் பக்கத்தில் நிற்க விடுகிறோம்.

ஹாரன், எஞ்சின் உறுமல் எல்லாம் எழுப்பும் ஒலி டிகோடர் கேட்டு அடம் பிடிப்பார்கள். முதல் எஞ்சினுக்கு வேண்டாம் என்பது என் கட்சி. விலை பல மடங்கு, ஸ்பீக்கருக்குக் காற்றுப் புகாத சின்னக் கூடு வேண்டும், அதற்கு இடம் வேண்டும். அதைவிட முக்கியம், சத்தம் இருந்தால் பல்சக்கரம் கரகரப்பது காதில் விழாது. மௌனமாக நன்றாக ஓடட்டும்; அப்புறம் கத்தட்டும்.

பெண் பிள்ளை வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இங்கே நான் போகிற ரயில் சங்கத்துக் கூட்டத்தில் பெண்கள் என்று பார்த்தால் நானும் இன்னும் இரண்டு பேரும். ரயில் செட் என்றாலே பையனுக்கு என்று கடைக்காரனும் நினைக்கிறான், நாமும் நினைக்கிறோம். நுண்ணிய கம்பிகளைப் பிரித்து இணைக்கும் வேலைக்குப் பூக்கட்டிப் பழகிய விரலைவிடச் சிறந்த கருவி இல்லை. இது என் நேரடி அனுபவம்.

ஊரில் இருக்கும் பிள்ளைகள், "டீச்சர், எங்களுக்கு எங்கே கிடைக்கும் இதெல்லாம்" என்று கேட்பீர்கள். எஞ்சினும் டிகோடரும் வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டியிருக்கும், சுங்க வரியோடு அல்லது சித்தியின் பெட்டியில் புடவைகளுக்கு நடுவே. ஆனால் விலை அதிகமான கட்டுப்பாட்டுப் பெட்டியை வாங்க வேண்டியதில்லை. ஒரு ஆர்டுயினோ, ஒரு மோட்டார் ஷீல்டு, ஒரு மின்வழங்கி இருந்தால் போதும். சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும் சாமான்கள்தான். டி.சி.சி. பிளஸ் பிளஸ் என்ற பெயரில் ஒருவர் எழுதி எல்லோருக்கும் திறந்துவிட்ட நிரல், இப்போது டி.சி.சி.-ஈ.எக்ஸ். என்ற பெயரில் ஒரு குழுவால் வளர்க்கப்படுகிறது. தரம் திறந்து கிடப்பதால்தான் இது முடிகிறது. பூட்டிய செயலி ரயிலுக்கு இப்படி ஒரு பெட்டியை நீங்கள் செய்யவே முடியாது, பாஷையைச் சொல்லித் தரமாட்டார்கள்.

எஞ்சினே இல்லாதவர்களும் ஒன்று செய்யலாம். பழுதான ஏதாவது பொம்மையிலிருந்து ஒரு டி.சி. மோட்டாரை எடுங்கள். அதற்குரிய மின்னழுத்தத்தில் ஓட்டி, ஓடும்போது எவ்வளவு, அச்சைப் பிடித்து நிறுத்தினால் எவ்வளவு என்று இரண்டு மின்னோட்டங்களையும் அளந்து, சுருளின் மின்தடையையும் தனியாக அளந்து, மூன்று எண்களையும் கீழே கருத்துப் பகுதியில் போடுங்கள். ஓம் விதிக்குப் பொருந்தவில்லை என்றால் ஏன் என்று நீங்களே யோசித்து ஒரு வரி சேருங்கள். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எல்லாவற்றையும் திருத்துகிறேன். பக்கத்துப் பெஞ்சைப் பார்த்து எழுதினால் எனக்குத் தெரிந்துவிடும்.